9 வீடியோ, 26 பேர்: சோலார் பயிற்சிக்கு ஆள் சேர்த்த கதை

போன திங்கட்கிழமை காலை எங்கள் வருகைப் பதிவேட்டில் 26 கையெழுத்து விழுந்தது. மொத்த இடம் 30. இதற்கு முந்தைய பேட்சில் 12 பேர்தான் வந்தார்கள். அதிலும் இரண்டு பேர் முதல் வாரமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். நடுவில் நடந்தது ஏழு வாரம், ஒன்பது குறும்படத் துண்டுகள், ஒரு கரடி பொம்மையின் பாதித் தோல். அந்த ஒன்பதில் உண்மையாக வேலை செய்தது இரண்டே இரண்டு. மற்ற ஏழையும் எப்படிக் கெடுத்தேன் என்பதைத்தான் அதிகம் எழுதப்போகிறேன், ஏனென்றால் அந்த இரண்டும் அதிலிருந்துதான் வந்தன.

நான் தென்காசிப் பக்கத்தில் ஒரு சின்னப் பயிற்சி நிலையத்தில் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். மாடியில் சோலார் பேனல் பொருத்துவது, ஒயரிங், எர்த்திங், இன்வெர்ட்டர் இணைப்பு. மூன்று மாதம், கட்டணம் கிடையாது, தங்கும் இடமும் சாப்பாடும் உண்டு. 2015இல் மத்திய அரசு தொடங்கிய சூரியமித்ரா பயிற்சி தெரிந்தவர்களுக்கு இது எந்த மாதிரி என்று புரிந்துவிடும். வேலை இல்லாத தொழிலும் இல்லை. 2024 பிப்ரவரியில் பிஎம் சூர்யகர் திட்டம் வந்ததிலிருந்து, 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம் என்று கேள்விப்பட்ட வீட்டுக்காரர்கள் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். பேனல் மாட்டும் நிறுவனங்கள் எங்களிடம் ஆள் கேட்கின்றன. எங்களிடம்தான் ஆள் இல்லை.

அதுவரை நாங்கள் செய்தது துண்டுச்சீட்டு. 2,000 சீட்டு, அச்சுக்கூலி 1,400 ரூபாய். ஐடிஐ வாசலில் நின்று நானே கொடுத்தேன். மாலையில் எதிரே இருந்த டீக்கடையில் அதே சீட்டில் உளுந்தவடை மடித்துக் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று வந்தது. எங்கள் நிர்வாகி, "ரீல்ஸ் போடுங்கம்மா, பயலுவ எல்லாம் அங்கதான கெடக்கான்" என்றார். சரி என்றேன். வயர் பிடிக்கத் தெரிந்த கைக்குக் கேமரா பிடிக்கத் தெரியாதா என்ற எண்ணம்தான்.

முதல் வீடியோ அலுவலக அறையில் எடுத்தது. பின்னால் பச்சைத் திரை. நிர்வாகி நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நிமிடம் 40 விநாடி பேசினார். தலைப்பு "பசுமை வேலைவாய்ப்புப் பயிற்சி: இளைஞர்களுக்கு அரிய வாய்ப்பு". ஒன்பது பேர் கூப்பிட்டார்கள். நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்: ஐந்து பேர் நர்சரியில் வேலையா என்று கேட்டார்கள். இரண்டு பேர் நூறு நாள் வேலை அட்டை வேண்டுமா என்று. ஒருவர் எதுவும் பேசாமல் வைத்துவிட்டார். கடைசியாக ஒரு பெரியவர், "எம்மா, வேப்பங்கன்னு எத்தன குடுப்பிய? எங்க கோயில் தோப்புல வைக்கணும்" என்றார். அவருக்கு வனத்துறை நாற்றங்காலுக்கு வழி சொன்னேன்.

அதாவது "பசுமை வேலை" என்ற சொல் எங்கள் மேஜையைத் தாண்டி யாருக்கும் எதையும் சொல்லவில்லை. பச்சைத் திரை வேறு. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கயத்தாறிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாடியைப் பார்த்து வளர்ந்தவர்கள். அதைப் பழுதுபார்க்க ஒருவர் ஏறுகிறார் என்று தெரியும். ஆனால் அதைப் பசுமை வேலை என்று யாரும் சொல்வதில்லை, "காத்தாடி கம்பெனி வேலை" என்பார்கள். அன்றோடு அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு எல்லா வீடியோவிலும் "மாடியில சோலார் மாட்டுற வேலை" என்று மட்டும்தான். "இலவசம்" என்ற சொல்லையும் பெரிய எழுத்தில் போடுவதை நிறுத்தினேன். அதைப் பார்த்தவுடன் "எவ்வளவு கட்டணும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் வாங்கி ஓடிய ஆட்கள் ஊருக்கு ஒருவராவது உண்டு.

இரண்டாவது வீடியோவை எடுத்தது என் மாணவன் ஒருவன். 2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்தபோது அதில் கொஞ்சம் பெயர் எடுத்திருந்தவன். அந்த வருத்தம் அவனுக்கு இன்னும் போகவில்லை. மூன்று பையன்கள், தோளில் பேனல், மெதுவாக ஓடும் காட்சி, பின்னால் ஒரு குத்துப்பாட்டு. கடைசியில் ஒருவன் பேனல் மேல் கால் வைத்து ஏறி, கையைக் கட்டிக்கொண்டு மேற்கு மலையைப் பார்ப்பான். சொன்னால் நம்பமாட்டீர்கள், மூன்று நாளில் 41,000 பார்வை. நிர்வாகி எல்லோருக்கும் பால்கோவா வாங்கித் தந்தார்.

வந்த அழைப்பு நான்கு. அதில் ஒன்று இந்தியில்.

ஐந்தாவது ஓர் அழைப்பும் வந்தது, எங்கள் மாணவர்களை வேலைக்கு எடுக்கும் ஒரு நிறுவனத்தின் தள மேற்பார்வையாளரிடமிருந்து. "மிஸ், பேனல் மேல ஏறி நிக்கலாம்னு நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்களா?" எனக்கு முகம் எரிந்தது. மறுபடி போட்டுப் பார்த்தேன். மூன்று பையன்களில் ஒருவன் தலையிலும் ஹெல்மெட் இல்லை. அந்த மாடிக்குக் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். இடுப்பில் பெல்ட்டும் இல்லை. பேனலில் கால் வைத்தால் மேல் கண்ணாடி உடையாவிட்டாலும், உள்ளே இருக்கும் செல்லில் மயிரிழை விரிசல் விழலாம். கண்ணுக்குத் தெரியாது. மாதங்கள் கழித்து உற்பத்தி குறையும்போதுதான் தெரியும். நான் வகுப்பில் முதல் வாரம் சொல்லிக்கொடுப்பதே இதுதான். அதையே 41,000 பேருக்குத் தப்பாகக் காட்டியிருக்கிறேன். வீடியோவை அன்றிரவே எடுத்துவிட்டேன். பையனுக்கு வருத்தம். "எவ்வளவு வியூஸ் மிஸ்!" என்றான்.

அதிலிருந்து ஒரு விதி: தாடைப் பட்டை மாட்டிய ஹெல்மெட் இல்லாமல் யாரும் சட்டகத்துக்குள் வரக்கூடாது, தண்ணீர் கொடுக்க வருபவர் உட்பட. படம் எடுக்கும் நான் உட்பட. வெளியிடும் முன் சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை முழுசாகப் பார்ப்பேன், கண்ணுக்குப் பாதுகாப்புத் தப்பு மட்டும் தெரியும்படி. பாட்டு ஓடினால் தப்பு தெரியாது.

பார்வை எண்ணிக்கை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யூடியூப் ஷார்ட்ஸில் 2025 மார்ச் 31 முதல், வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று கணக்கு. விரலால் தள்ளிவிட்டுப் போனவரும் அதில் சேர்வார். உள்ளே புள்ளிவிவரப் பக்கத்தில் என்கேஜ்டு வியூஸ் என்று தனியாக ஒன்று இருக்கும், அதுதான் நின்று பார்த்தவர்கள் கணக்கு. இதை நான் நான்காவது வீடியோவின்போதுதான் கவனித்தேன். ஆனால் அந்த எண்ணும் எனக்குப் பெரிதாக உதவவில்லை. உதவியது ஒரு 40 பக்க நோட்டு. யார் கூப்பிட்டாலும் மூன்று கேள்வி: எந்த ஊர், என்ன படிப்பு, எந்த வீடியோ பார்த்தீங்க. ஒவ்வொரு வீடியோவின் மூலையிலும் ஓர் எண் போட்டோம், எழுத்து உயரம் திரையில் ஒரு விரல் நகம் அளவு. "மூணாம் நம்பர் வீடியோ" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இனி மாடிக்குப் போகலாம். தொழில்நுட்பத் தகராறு எல்லாம் அங்கேதான்.

முதல் தகராறு காற்று. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் மாடியில் ஆளைத் தள்ளும். போனில் உள்ள மைக்கில் பேசியது ஒன்றும் கேட்காது, ஒரே 'பர்ர்ர்'. 1,750 ரூபாய்க்குச் சட்டையில் குத்தும் ஒயர்லெஸ் மைக் வாங்கினோம். கூடவே வந்த கறுப்பு ஸ்பாஞ்சு உறை இந்தக் காற்றுக்கு ஒன்றுமே இல்லை. கைக்குட்டை சுற்றினேன், குரல் மூக்கடைத்த மாதிரி வந்தது. உல்லன் நூலில் குட்டித் தொப்பி பின்னினேன், கொஞ்சம் பரவாயில்லை. கடைசியில் என் மகளின் பழைய கரடி பொம்மையின் நீள மயிர்த் துணியை 4 சென்டிமீட்டருக்கு 5 சென்டிமீட்டர் வெட்டி, மயிர் வெளியே இருக்கும்படி பை போல் தைத்து, ஸ்பாஞ்சின் மேலேயே போட்டேன். மயிர் காற்றை உடைக்கிறது, உள்ளே ஸ்பாஞ்சு மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. இறுக்கமாகத் தைக்கக்கூடாது, மைக்குக்கும் துணிக்கும் நடுவே கொஞ்சம் காற்று நிற்கவேண்டும். பேசுபவர் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் இன்னும் நல்லது. மகள் இரண்டு நாள் பேசவில்லை.

இரண்டாவது வெயில். சாரல் விட்ட ஒரு நாளில் பதினொன்றரை மணிக்கு எடுக்கப்போனோம். பேனலின் மேல்பரப்பை வகுப்பில் உள்ள இன்ஃப்ராரெட் வெப்பமானியால் பார்த்தால் 57 டிகிரி. பையன் அதன் மேலேயே போனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். திரும்பி வந்தால் போன் சூடாகிவிட்டது என்று அறிவிப்பு, கேமரா திறக்கவே இல்லை. ஐஸ்கிரீம் டப்பாவில் கொண்டுவந்த ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்துப் பார்த்தோம்; போன் குளிர்ந்தது, லென்ஸுக்குள் ஆவி படிந்து அரை மணிநேரம் எல்லாமே மார்கழிப் பனி மாதிரி தெரிந்தது. அதைச் செய்யாதீர்கள். ஒரு குடை, பின்பக்கம் நன்றாகப் பிழிந்த ஈரக் கைக்குட்டை, அவ்வளவு போதும். அதைவிட நல்லது நேரத்தை மாற்றுவது. அதற்குப் பிறகு காலை 6.45 முதல் 8.30 வரை மட்டும்தான் மாடியில் எடுத்தோம்.

மூன்றாவது பளபளப்பு. பேனல் ஒரு கறுப்புக் கண்ணாடி, வானம் முழுக்க அதில் தெரியும். முன்னால் நிற்பவர் முகம் கரிச்சட்டியாகிவிடும். முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டு, பிறகு கொஞ்சம் கீழே இறக்கினேன். அது பாதித் தீர்வு. மீதிப் பாதி, பைக் ஓட்டும்போது போடும் ஒரு குளிர்கண்ணாடி. போலரைஸ்டு வகைக் குளிர்கண்ணாடியின் ஒரு பக்கத்தை லென்ஸுக்கு முன் பிடித்து மெல்லத் திருப்பினால், ஒரு கோணத்தில் வானத்தின் பிரதிபலிப்பு சட்டென்று மங்கி, பேனலின் நீலக் கட்டங்களும் வெள்ளிக் கோடுகளும் தெரியும். சாதாரணக் கறுப்புக் கண்ணாடியில் இது நடக்காது. எங்கள் காவலரின் கண்ணாடியை இரவல் வாங்கினேன்.

கீழே பட்டறையில் எடுத்தால் வேறு தொல்லை: டியூப்லைட் வெளிச்சத்தில் திரையில் கோடு கோடாக ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போன் கேமராவில் புரோ பகுதிக்குப் போய் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் கோடு போய்விடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு மாலை ஆனது, எலக்ட்ரிக்கல் படித்தவளுக்கு!

வெட்டி ஒட்டியது கின்மாஸ்டர் செயலியில். இலவசப் பதிப்பில் அதன் முத்திரை மூலையில் விழும். ஒரு மாதச் சந்தா கட்டி எடுத்தோம். தானாக எழுத்து போடும் வசதியை நம்பி ஒரு வீடியோவை வெளியிட்டேன். அதில் "எர்த்திங் குழி" என்பது "எறும்புக் குழி" என்று வந்திருந்தது. இரண்டு நாள் ஓடியது. அப்புறம் எல்லாம் கையால் தட்டச்சு செய்தேன். வெளியிலிருந்து இறக்கிய ஓர் அலங்கார எழுத்துருவைப் போட்டால் "கொ", "கோ" எல்லாம் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறின. போனிலேயே இருக்கும் சாதா எழுத்துருவுக்குத் திரும்பிவிட்டேன். தடித்த எழுத்து, மஞ்சள் நிறம், கறுப்புக் கரை. இடமும் முக்கியம். 1080க்கு 1920 புள்ளி அளவுள்ள திரையில் கீழே ஒரு 400 புள்ளியைத் தொடாதீர்கள், அங்கே கணக்கின் பெயரும் விவரமும் வந்து மறைக்கும். வலது ஓரத்தில் இதயமும் அம்பும் நிற்கும். எங்கள் மூன்றாவது வீடியோவில் போன் நம்பரைக் கீழே போட்டு, கடைசி நான்கு இலக்கம் யாருக்கும் தெரியாமல் போனது. யாரும் கூப்பிடவில்லையே என்று ஒரு வாரம் யோசித்தேன்.

இப்போது வேலை செய்த இரண்டு.

ஆறாம் நம்பர் வீடியோ சம்பளத்தைப் பற்றியது. வந்த அழைப்புகளை நோட்டில் புரட்டியபோது ஒன்று தெரிந்தது: ஊர், பெயர் சொல்வதற்கு முன்பே பாதிப்பேர் கேட்டது "மாசம் எவ்வளவு கெடைக்கும்?" என்பதுதான். நாங்கள் எந்த வீடியோவிலும் அதைச் சொல்லவில்லை. "நல்ல சம்பளம்", "வளமான எதிர்காலம்" என்று மழுப்பியிருந்தோம். எங்கள் மாணவர்களுக்குப் பக்கத்து நிறுவனங்கள் தொடக்கத்தில் கொடுப்பது 13,000. நிர்வாகிக்கு அதைப் போட மனமே இல்லை. "பதிமூணாயிரம்னு போட்டா எவன் வருவான்? திருப்பூர் பனியன் கம்பெனியில ஓவர்டைம் பாத்தா அதவிட வருதே" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். போன பேட்சில் முதல் வாரமே போன இரண்டு பேரும் சம்பளத்தைக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள். அப்படியென்றால் வந்தபிறகு போவதைவிட வராமலே இருக்கட்டும், ஒரு சாப்பாட்டுச் செலவாவது மிச்சம் என்றேன். ஒரு வாரம் இழுத்து, சரி என்றார்.

பேசியது முன்பு எங்களிடம் படித்து இப்போது வேலையில் இருக்கும் ஒருவர். வசனம் எழுதிக் கொடுத்தால் பள்ளிக்கூட ஒப்புவித்தல் மாதிரி வந்தது. தாளைப் பிடுங்கிவிட்டு, கேமராவுக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டு, "உன் தம்பி கேட்டா என்ன சொல்லுவ?" என்றேன். ஏழாவது முறை எடுத்தது இது, 38 விநாடி:

"மாசம் பதிமூணாயிரம். ஆரம்பத்துல அவ்வளவுதான். நான் ஐடிஐ எலக்ட்ரீஷியன், மூணு மாசம் இங்க படிச்சேன், பீஸ் கட்டல. வெயில்ல நிக்கணும். ஒரு பேனல் 28 கிலோ இருக்கும், ரெண்டு பேர் சேந்து மாடிக்கு ஏத்தணும். ஒரு வீட்டுக்கு ஆறு பேனல். உயரம்னா பயம்னு சொன்னா இது உங்களுக்குச் சரிப்படாது. தனியா நின்னு இன்வெர்ட்டர் வரைக்கும் கனெக்‌ஷன் குடுக்கத் தெரிஞ்சிட்டா சம்பளம் ஏறும், எனக்கு ஏறிருக்கு. கேக்கணும்னா சாயங்காலம் ஏழுல இருந்து ஒம்போது வரைக்கும் கூப்புடுங்க. மிஸ்தான் எடுப்பாங்க."

முதல் விநாடியிலேயே திரையின் நடுவில் 13,000 என்ற எண். பின்னணியில் பாட்டு இல்லை. வயர் முனையை நசுக்கி கனெக்டரில் பிடிக்கவைக்கும் கிரிம்பிங் டூல் 'டக்' என்று கடிக்கும் சத்தம் மட்டும். அந்தச் சத்தத்தைத் தனியாக, மைக்கை டூலுக்கு ஒரு சாண் தள்ளி வைத்துப் பதிவு செய்தோம். பார்வை 5,200. இரண்டாம் வீடியோவின் எட்டில் ஒரு பங்கு. அழைப்பு 48. இதில் சம்பளம் எவ்வளவு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பேனலை ஏற்றக் கயிறு உண்டா, மழையில் வேலை இருக்குமா, வீட்டில் இருந்து பைக்கில் போய்வர முடியுமா என்றெல்லாம் கேட்டார்கள். வேலையை மனதுக்குள் செய்து பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்விகள். அந்த 48இல் 14 பேர் வந்து சேர்ந்தார்கள்.

எட்டாம் நம்பர் வீடியோ இளைஞர்களுக்காக எடுத்ததே இல்லை. சம்பள வீடியோ பார்த்துக் கூப்பிட்ட பையன்களில் சிலர் பேச்சின் நடுவே, "அம்மா பேசணுமாம் மிஸ்" என்று போனைக் கொடுத்தார்கள். அம்மாக்களின் கேள்வி வேறு: "எம்மா, பிள்ளைய எங்க தங்க வைப்பிய? சோறு எப்படி? கக்கூஸ் நல்லா இருக்குமா?" பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் கேட்டது, "வார்டன் பொம்பளையா?" இதைப் போனில் இருபது முறை சொல்லி அலுத்துத்தான் அந்த வீடியோ. பேருந்து நிறுத்தத்தில் இறங்கி, நடந்து, எங்கள் பெயர்ப்பலகை, பட்டறை, தங்கும் அறை, உள்தாழ்ப்பாள், குளியலறைக் குழாயைத் திறந்தால் தண்ணீர், சமையலறையில் கொதிக்கும் சாம்பார், வார்டன் அக்காவின் முகம். 58 விநாடி. பேச்சே கிடையாது, எழுத்து மட்டும். பொதுவில் 900 பார்வைதான். ஆனால் அதை மகளிர் சுயஉதவிக் குழுக்களின் வாட்ஸ்அப்பில் போடச் சொன்னேன். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் நசுக்கி எழுத்தெல்லாம் மங்கிவிடுகிறது, அதனால் டாக்குமென்டாக அனுப்பினோம். அது சுற்றிச் சுற்றி, அனுப்பாத ஊரிலிருந்தெல்லாம் அழைப்பு வந்தது. அதில் சேர்ந்தவர்கள் 6. அதில் மூன்று பேர் பெண்கள்.

மிச்சக் கணக்கு: நண்பன் சொல்லி வந்தவர்கள் 4, துண்டுச்சீட்டு பார்த்து வந்தவர்கள் 2. ஆமாம், அந்த வடைச்சீட்டுத்தான்.

ஏழாவது வீடியோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. போன பேட்ச் மாணவி ஒருத்தி, பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரை 40 விநாடியில் கிரிம்ப் செய்து மாட்டிக் காட்டுவாள். கேபிள் தோலை எத்தனை மில்லிமீட்டர் உரிக்கவேண்டும் என்பது முதல், மின்சாரம் ஓடும்போது கழற்றினால் ஆர்க், அதாவது பெரிய தீப்பொறி, அடிக்கும் என்று எச்சரிப்பது வரை கச்சிதமாக. எங்கள் ஒன்பதில் கைவேலை சிறப்பாக வந்தது அதுதான். அவள் சம்மதித்தாள். வீட்டில் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவளுக்கு 20 வயது. கமென்டில் சிலர் அசிங்கமாக எழுதினார்கள். நான் பார்க்கும் முன்பே யாரோ அவள் அப்பாவிடம் காட்டிவிட்டார்கள். அவர் கோபமாகப் பேசவில்லை, "எடுத்துருங்கம்மா" என்று மட்டும் சொன்னார். எடுத்துவிட்டேன். இப்போது ஒரு பக்கத் தாளில் கையெழுத்து வாங்குகிறோம்: எங்கே வெளியாகும், எவ்வளவு நாள் இருக்கும், எப்போது கேட்டாலும் நீக்குவோம் என்று. கமென்ட் பகுதியை முதல் நாளிலிருந்தே பூட்டிவிடுகிறோம். கையை மட்டும் காட்டி அதே வீடியோவை மறுபடி எடுக்கலாமா என்று கேட்டேன். அவள், "முகம் இல்லாம எதுக்கு மிஸ்?" என்றாள். அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

காசு கொடுத்துப் பரப்புவதையும் செய்து பார்த்தோம். ஐந்தாவது வீடியோவுக்கு 1,500 ரூபாய், 40 கிலோமீட்டர் சுற்றளவு, வயது 18 முதல் 28. பார்வையைக் கூட்டும் நோக்கத்தைத் தேர்ந்திருந்தேன், அது சொன்னபடி கூட்டிக் கொடுத்தது: 19,000 பார்வை, 3 அழைப்பு. ஆறாவதுக்கு 600 ரூபாய், இந்த முறை மெசேஜ் வரவேண்டும் என்ற நோக்கம். 11 மெசேஜ் வந்தது. எட்டு பேர் "ஹாய்". பதில் போட்டால் ஆள் இல்லை. மேலே சொன்ன 48இல் இவர்களைச் சேர்க்கவில்லை.

போனை எடுப்பது தனி வேலை என்பதை நான் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை. முதல் நான்கு வீடியோவில் போட்ட நம்பர் என்னுடையது. செய்முறை வகுப்பில் போனைப் பெட்டியில் பூட்டிவைப்போம். ஒருநாள் மாலை எடுத்துப் பார்த்தால் 17 தவறிய அழைப்பு. திரும்பக் கூப்பிட்டதில் ஆறு பேர்தான் எடுத்தார்கள், தெரியாத நம்பர் என்றால் யாரும் எடுப்பதில்லை. அதன் பிறகுதான் 7 முதல் 9 வரை என்று வீடியோவிலேயே சொல்லத் தொடங்கியது, அதற்கென்று தனி சிம் போட்டது, நோட்டோடு உட்கார்ந்தது. கூப்பிட்டவருக்கு மறுநாள் காலை வார்டன் அக்காவின் குரலில் ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ் போகும்: என்ன சான்றிதழ் கொண்டுவரவேண்டும், எந்தப் பேருந்து, எங்கே இறங்கவேண்டும்.

செலவு: மைக் 1,750, போன் பிடிக்கும் முக்காலி 950, செயலிச் சந்தா 400 சொச்சம், பரப்பிய காசு 2,100, தனி சிம் ரீசார்ஜ் 299, பையன்களுக்குக் காலை இட்லி வடை ஒன்பது நாளைக்கு 2,700. மொத்தம் 8,200 பக்கம். முதல் வாரமே 1,100 ரூபாய்க்கு ரிங் லைட் ஒன்றும் வாங்கினேன், அதைச் சேர்க்கவில்லை. மாடியில் அதற்கு ஒரு வேலையும் இல்லை, இப்போது எர்த்திங் நோட்டுத் திருத்த மேஜைவிளக்காக இருக்கிறது.

அடுத்த பேட்சுக்கு ஒன்பது எடுக்கமாட்டேன், மூன்று போதும். சம்பளம், தங்குமிடம், இன்னொன்று ஒரு வீட்டு வேலை முழுவதும்: காலையில் வண்டியில் பேனல் ஏற்றுவதிலிருந்து ஈபிக்காரர் நெட் மீட்டர் (வீட்டுக்கு வரும் மின்சாரத்தையும் வெளியே போகும் மின்சாரத்தையும் அளப்பது) மாட்டும் நாள்வரை. எடுக்கும் முன்பே முந்தைய அழைப்பு நோட்டைப் படித்துவிட்டுத்தான் கேமராவைத் தொடுவேன். மேற்பார்வையாளர் ஒருவருக்கு முன்கூட்டியே காட்டிவிடுவேன். காலியாக உள்ள நான்கு இடத்துக்கு இன்னும் ஒரு வாரம் ஆள் சேர்க்கலாம், நேற்று இரவுகூட இரண்டு அம்மாக்கள் கூப்பிட்டார்கள். ஐப்பசி மழை பிடிக்கும் முன் மாடிக் காட்சிகளை முடித்துவிடவேண்டும். மைக் உறை கொஞ்சம் நைந்துவிட்டது. கரடியின் முதுகுப் பக்கம் இன்னும் வெட்டாமல் இருக்கிறது, மகளிடம்தான் கேட்கவேண்டும்.